கப்பலை மறைத்த ஓவியர்

தம்பி, படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கு. போதும்.

இதுதான் ‘கடலோரத் துறவி’. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிக் 1808க்கும் 1810க்கும் இடையில் டிரெஸ்டன் நகரில் தீட்டியது. இப்போது பெர்லினில், பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் 110 சென்டிமீட்டர், அகலம் 171.5.

“இதில் என்ன சார் இருக்கு?” என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தயங்காமல் சத்தமாகவே கேட்கலாம். 1809இல் ஓவியரின் பட்டறைக்குப் போய் இந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெண்மணி, தோழிக்கு எழுதிய கடிதத்தில் இதே குறையைத்தான் சொன்னார். புயல் இல்லை, வெயில் இல்லை, நிலா இல்லை. இடி மின்னல் இருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்குமாம். படகில்லை, கப்பலில்லை, ஒரு கடல் பூதம்கூட இல்லை என்கிறார். இத்தனைக்கும் அவர் ஓர் ஓவியரின் மனைவி!

அவர் தேடியதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து நிலக்காட்சி ஓவியத்தில் ஓரத்தில் ஒரு மரம் நிற்கும், நடுவில் பாதையோ ஆறோ வளைந்து போகும். கண் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து போகலாம். இங்கே பாருங்கள். கீழே வெளிறிய மணல் திட்டு, அதற்கு மேல் கறுத்த கடல் ஒரு பட்டை. மீதி முக்கால் பங்குக்கு மேல் வானம்தான். நிமிர்ந்து நிற்பது அந்தத் துறவி ஒருவர் மட்டும். அவரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை முகவாயில் வைத்தபடி நிற்கிறார். அவரைச் சுற்றிச் சில வெள்ளைத் தீற்றல்கள் தெரிகின்றன அல்லவா? அவை கடற்காகங்கள்.

சரி, ஓவியருக்குக் கப்பல் வரையத் தெரியாதா? பால்டிக் கடற்கரையில், கிரைஃப்ஸ்வால்ட் ஊரில் 1774இல் பிறந்தவர் அவர். பாய்மரங்களைப் பார்த்தே வளர்ந்தவர். மேற்பூச்சுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் அகச்சிவப்புக் கதிரில் இந்தப் படத்தை ஆராய்ந்தபோது, துறவிக்கு இரு பக்கமும் கப்பல்கள் வரைந்திருந்தது தெரிந்தது. வரைந்துவிட்டு, அப்புறம் மூடிவிட்டார். இந்தப் படத்துக்குப் பொருள் சொல்ல வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன்.

பலரும் வேறொரு சாவியை எடுப்பார்கள். ஃபிரீட்ரிக்குக்கு 13 வயதிருக்கும்போது தம்பி நீரில் மூழ்கி இறந்தான். அந்தத் துக்கம்தான் இந்தக் கடல் என்பார்கள். துக்கம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும்தான் என்றால், அந்தக் கப்பல்களை ஏன் மறைக்க வேண்டும்? அலையில் சாய்ந்த கப்பல் துக்கத்தை இன்னும் எளிதாகச் சொல்லியிருக்குமே! கப்பல் இருந்தால் நாம் கதை தேடுவோம். எங்கே போகிறது, கரை சேருமா என்று கேட்போம். துறவியை மறந்துவிடுவோம். கப்பல் போனதும் அவரைப் போலவே நமக்கும் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

1810இல் பெர்லின் அகாடமி கண்காட்சியில் இதைப் பார்த்த எழுத்தாளர் கிளைஸ்ட், கண்ணிமைகளை அறுத்தெடுத்துவிட்டாற்போல் இருக்கிறது என்று எழுதினார். பார்வைக்கு வரம்பு கட்ட ஓரத்தில் ஒரு மரம்கூட இல்லாததைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். பிரஷ்ய மன்னர் படத்தை வாங்கிக்கொண்டார். அதில் பட்டத்து இளவரசருக்குத்தான் ஆசை அதிகம்.

தம்பி, விளக்கைப் போடாதே. துறவிக்கு இடப்பக்கம் அந்தக் கறுத்த பட்டையைப் பாருங்கள். ஒரு கப்பல் அங்கேதான் இருந்தது.