பாகவதரின் பாட்டும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கும்: ரசிகர் எதை எங்கே வைத்துப் பார்ப்பது?

[திரையில்: இருட்டு. வயலினில் சாருகேசி ராகம் மட்டும்]

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். வெளியே படம் ஹவுஸ்ஃபுல், உள்ளே அவர் கொலை வழக்குக் கைதி.

படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8 அன்று பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தனை வேப்பேரியில் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். பாகவதர், நகைச்சுவை நடிகர் 'கலைவாணர்' என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள்.

இப்படி ஒரு பேர் அடிபட்ட கலைஞரை ரசிக்கலாமா? பதில் சொல்வதற்கு முன், வதந்தி, குற்றச்சாட்டு, தீர்ப்பு என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: பழைய அச்சு இயந்திரம்]

முதலில் வதந்தி. 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்ற பத்திரிகைகளில் லட்சுமிகாந்தன் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். சினிமாக்காரர்கள் கவர்னரிடமே மனு கொடுக்கும் அளவுக்கு அது போனது. வதந்தியைக் கேட்டதும் பார்க்க வேண்டியது இரண்டு: சொன்னவர் நேரில் கண்டாரா, சொல்வதால் அவருக்குக் காசு வருகிறதா.

அடுத்தது வழக்கு. இங்கே தேதி முக்கியம். 1945-இல் ஜூரி விசாரணை முடிந்து நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்றைய உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் அதே உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 1946-இல் ஒருவர் "தண்டனை பெற்றவர்" என்று சொன்னால் அது உண்மை. இன்று அதையே சொன்னால் பாதிக் கதை. எந்த நட்சத்திரத்தின் வழக்கானாலும், நீங்கள் படிக்கும் செய்தி எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

ரசிகர்கள் வழுக்கி விழும் இடம் இன்னொன்று. "இப்படிப் பாடுகிற மனுஷன் கொலை செய்வானா?" என்பது வாதமே இல்லை. தொண்டைக்கும் நடத்தைக்கும் தொடர்பு கிடையாது. பாகவதர் விடுதலையானது பாட்டால் அல்ல, மேல்முறையீட்டால். அந்தத் தீர்ப்பைப் பேசும்போது, செத்தவரையும் மறந்துவிடக் கூடாது. லட்சுமிகாந்தன் எழுதியது எத்தனை அசிங்கமானாலும் அவர் கொலையுண்ட மனிதர். கொன்றது யார் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. பாகவதரை மனதாரக் கொண்டாடுகிறவர்களும் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

[திரையில்: ஏழு ஸ்வரங்கள், இரண்டு நிறத்தில்]

இப்போது கலை. 'மன்மத லீலையை' பாட்டை எடுத்துக்கொள்வோம். ராகம் சாருகேசி, கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தாக்களில் 26-வது. ஸ ரி க ம வரை சங்கராபரணம் என்ற ராகம்தான்: நிமிர்ந்த, குதூகலமான நடை. பஞ்சமம் (ப) தாண்டியதும் சுத்த தைவதமும் (தாழ்ந்த த) கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த நி) வந்து ராகத்துக்குள் ஒரு ஏக்கத்தை இறக்கிவிடும். ஹரிதாஸ் அந்தக் கட்டத்தில் பெற்றோரையும் மனைவியையும் உதறிவிட்டுத் தாசி பின்னால் போகிறவன். குரல் மேலே ஏறும்போது அந்த தைவதத்தை மட்டும் கவனியுங்கள். உல்லாசத்துக்கு நடுவே ஒரு கலக்கம் கேட்கும். பிறகு, மனம் திருந்தியபின் அவன் பெற்றோரைப் பாடும் பாட்டைக் கேளுங்கள். அதே குரல், ஆனால் மினுக்கு முழுவதும் போய்விட்டிருக்கும். நடிப்பில் பாகவதருக்கு முகபாவம் கொஞ்சம்தான், நடித்ததெல்லாம் குரல்தான். இதை ரசிக்க அவருக்கு நற்சான்றிதழ் தேவையில்லை.

[திரையில்: இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். பாகவதர், கலைவாணர்]

"வழக்குதான் பாகவதரை வீழ்த்தியது" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கலைவாணரைப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. ஆனால் அவர் 1949-இல் 'நல்லதம்பி' தந்தார், 1951-இல் 'மணமகள்' படத்தை இயக்கினார். பாகவதருக்கோ 1948-இன் 'ராஜமுக்தி' ஓடவில்லை, 1952-இன் 'அமரகவி'யும் கைகொடுக்கவில்லை. சிறையில் கழிந்த காலத்தில் சினிமா மாறிவிட்டது. பின்னணி பாடுகிறவர்கள் வந்ததால், நடிகரே பாட வேண்டும் என்ற கட்டாயம் போனது. படத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை பாட்டிடமிருந்து வசனத்துக்குப் போனது. கலைவாணரிடம் பேச்சு இருந்தது. பாகவதரிடம் இருந்தது பாட்டு.

வழக்கு அவரிடமிருந்து பறித்தது காலத்தை. நற்பெயர் இழந்ததைவிட அதுதான் பெரிய இழப்பு என்பது எங்கள் கணிப்பு. 'ராஜமுக்தி' பாடல்களை 'ஹரிதாஸ்' கேட்ட கையோடு கேட்டுப் பாருங்கள். குரல் தேய்ந்திருக்கிறதா என்று உங்கள் காதே சொல்லும்.

[சாருகேசி மீண்டும் எழுகிறது]