முதலில் தரை, அப்புறம்தான் ஊஞ்சல்

வணக்கம். போன வீடியோவில் தோட்டத்தின் ஒரு மூலையைக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? முழங்கால் உயரத்துக்குப் புல்லும் உடைந்த செங்கல்லுமாகக் கிடந்ததே, அதே இடம்தான் இது, இப்போது பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றிவிட்டேன். பின்னால் கேட்கிற சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் நம் வீட்டுப் பிள்ளைகள், மற்ற இரண்டு பேர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நடுவில் யாராவது அலறினால் பயப்பட வேண்டாம், அது சந்தோஷ அலறல்தான். வேறு மாதிரி அலறினால் நானே கேமராவை விட்டுவிட்டு ஓடுவேன், பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்.

நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: ஊஞ்சலை எப்படிப் போட்டீர்கள்? சொல்கிறேன். ஆனால் இந்த வேலைக்கு எனக்கு ஐந்து வார இறுதிகள் பிடித்தன. அதில் ஊஞ்சலுக்கு ஆனது அரை நாள். மற்றதில் பெரும்பகுதி தரைக்குத்தான் போனது. ஆரம்பத்தில் நானும் உங்களைப் போலத்தான், காகிதத்தில் முதலில் வரைந்தது ஊஞ்சல், அப்புறம் ஏணி, அப்புறம் ஒரு சறுக்கு. தரையை வரையவே இல்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன்.

விளையாட்டு இடங்களில் பிள்ளைகளுக்குப் படுகிற அடிகளில் பெரும்பாலானவை மேலிருந்து கீழே விழுவதால் வருபவை. அப்படியென்றால் எதிலிருந்து விழுகிறார்கள் என்பதைவிட எதன்மேல் விழுகிறார்கள் என்பதுதான் முக்கியம். புல் மெத்தை மாதிரி இருக்கும் என்று நினைப்போம். இல்லை. நான்கு பிள்ளைகள் ஒரு மாதம் மிதித்தால் புல் போய்விடும், அடியில் இருப்பது இறுகிய மண். வெயிலில் காய்ந்த மண்ணை ஒரு முறை கையால் குத்திப் பாருங்கள், சிமெண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதனால் நான் போட்டது மரச்சில்லு. வெட்டிய கிளைகளை மெஷினில் கொடுத்தால் துண்டு துண்டாக வருமே, அது. இங்கே காலை வைத்துக் காட்டுகிறேன், பாருங்கள், எப்படி அமுங்குகிறது. குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும். நாளாக ஆக அது அமுங்கும் என்பதால், போடும்போதே 12 அங்குலம் போட்டுவிட வேண்டும். இந்த ஆழம் இருந்தால் 7 அடி உயரம் வரையிலான சாமான்களுக்குப் போதும். மணலும் போடலாம், ஆனால் அதே 9 அங்குல மணல் 4 அடி உயரத்துக்குத்தான் தாங்கும். ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் கால் தேய்த்துத் தேய்த்துக் குழி விழும். வாரம் ஒரு முறை மண்வெட்டியால் இழுத்து நிரப்பியே ஆக வேண்டும். சலிப்பான வேலைதான்.

சரி, ஊஞ்சல். மேலே குறுக்காகப் போகிறதே கட்டை, அது தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு இடம் முன்னால் வேண்டும், இரண்டு மடங்கு பின்னால் வேண்டும். நான் 7 அடிக் கட்டைக்குத் திட்டம் போட்டிருந்தேன். முன்னால் 14, பின்னால் 14, மொத்தம் 28 அடி. நம்மிடம் இருப்பது 26. டேப்பைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று அளந்து பார்த்தேன், தோட்டம் வளரவில்லை. கடைசியில் கட்டையை 6 அடிக்கு இறக்கினேன். 24 அடியில் முடிந்தது. பக்கவாட்டில் சட்டத்தைச் சுற்றி 6 அடி காலியாக விட வேண்டும். அந்த இடம் முழுக்க மரச்சில்லு. எனக்கு 400 கன அடிக்கு மேல் ஆனது. ஒற்றை ஊஞ்சல் இவ்வளவு இடத்தைத் தின்னும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இடம் குறைவென்றால் ஊஞ்சலை விட்டுவிடுங்கள். நான் சீரியஸாகத்தான் சொல்கிறேன்.

போடுவதென்றால் உட்காரும் பகுதி மரப்பலகையாக இருக்க வேண்டாம், வளையக்கூடிய ரப்பர் பட்டையாக இருக்கட்டும். குறுக்கே ஓடி வருகிற குழந்தையின் தலையில் இடிப்பது அந்தப் பலகைதான். சங்கிலியின் மேல் பழைய ரப்பர் குழாயை மாட்டினால் விரல் நசுங்காது. கொக்கிகளின் வாய் நன்றாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மெல்லிய நாணயம்கூட உள்ளே நுழையக் கூடாது. சட்டைத் துணி மாட்டிக்கொள்வது அந்த இடுக்கில்தான்.

அப்புறம், என் பெரிய தப்பு. இதோ இந்த ஏணி. சின்னவனுக்குக் கால் எட்ட வேண்டுமே என்று படிக்கும் படிக்கும் நடுவில் 6 அங்குலம் விட்டிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தச் சந்தும் ஆபத்து. குழந்தை காலை முதலில் விட்டு நுழைந்தால் உடம்பு போய்விடும், தலை போகாது. உடம்பு முழுக்க வெளியே தொங்கும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எல்லாப் படியையும் கழற்றி, 10 அங்குல இடைவெளியில் மறுபடியும் அடித்தேன். பழைய ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தது தெரிகிறது பாருங்கள். தெரிந்தால் தெரியட்டும். வேலிக் கம்புகள், மேடைக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சறுக்கு வாங்கவில்லை. மணல் தொட்டிக்குத் தோண்டிய மண்ணை ஓரமாகக் கொட்டி மேடு ஆக்கினேன், புல் விதைத்தேன், அவ்வளவுதான். உருளுகிறார்கள், அட்டையில் உட்கார்ந்து சறுக்குகிறார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து சறுக்கினாலும் தரை கூடவே வருகிறது.

மணல் தொட்டியில் ஒரு விஷயம். முதல் தடவை மண்ணின் மேலேயே மணலைக் கொட்டினேன். இரண்டு மழைதான். மணலும் மண்ணும் ஒன்றாகிச் சேறாகிவிட்டது. எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, அடியில் தண்ணீர் இறங்கக்கூடிய, மண் மேலே வர முடியாத கெட்டித் துணியை விரித்து மறுபடியும் போட்டேன். கழுவிய, உருண்டையான மணலாகப் பாருங்கள். கல்லை உடைத்து எடுக்கும் மணல் முனை முனையாக இருக்கும், தூசியும் அதிகம். மூடி கட்டாயம். பூனைகளுக்குத் திறந்த மணலைப் பார்த்தால் வேறு எண்ணமே வராது, அதன் கழிவில் வரும் கிருமிகள் லேசானவை அல்ல.

டயர்களைப் பாதி புதைத்து வரிசையாக வைத்திருக்கிறேன், தாண்டி விளையாட. ஒவ்வொன்றின் அடியிலும் துளை போட வேண்டும். ஐந்தில் நான்குக்குப் போட்டேன். ஐந்தாவதில் ஒரு வாரத்தில் கொசுப் புழு நெளிந்தது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் துளை போடுங்கள். டயரில் இரும்புக் கம்பி எங்காவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

இப்போது கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன். ஊஞ்சலில் யாராவது இருக்கிறார்களா? இல்லை. அரை மணி நேரமாக அது சும்மா தொங்குகிறது. நான்கு பேரும் எங்கே என்றால், மீந்துபோன சாமான் குவியலில். பலகைத் துண்டு, மூங்கில், வாளி, குழாய், கிழிந்த தார்ப்பாய். ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டு விளிம்புகளைத் தேய்த்துக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடிய நீளக் கயிறுகளை எடுத்துவிட்டேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. டென்மார்க்கில் சோரன்சன் என்று ஒரு நிலவடிவமைப்பாளர், கார்ல் தியோடர் சோரன்சன். பூங்காக்கள், விளையாட்டு இடங்கள் எல்லாம் வடிவமைத்தவர். ஆனால் பிள்ளைகள் அவர் கட்டிய இடங்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பழைய சாமான் கிடங்குகளிலும் ஆசையாக விளையாடுவதைக் கவனித்தார். 1943-இல், ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகன் பக்கத்தில் எம்ட்ரப் என்ற இடத்தில், கழிவுச் சாமான்களைக் கொண்டே பிள்ளைகள் தாங்களாகக் கட்டிக்கொள்ளும் ஒரு விளையாட்டு இடம் திறந்தார்கள். அவருடைய யோசனை அது. கூடவே ஒரு பெரியவர் இருந்து பார்த்துக்கொள்வார். பிறகு அது பிரிட்டனுக்கும் போனது.

ஐந்து வார இறுதி அளந்து, அறுத்து, திருகியவனுக்கு இதைச் சொல்ல வாய் வராதுதான். ஆனாலும் சொல்கிறேன், திரும்பக் கட்டினால் குவியலிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நிழலில் ஒரு மூலை, அடியில் மரச்சில்லு, ஒரு தொட்டி மணல், கை நிறையப் பலகை. ஊஞ்சல் அடுத்த வருடம் வந்தால் போதும்.

நான் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக அங்கே ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். இப்போது அதன் மேல் பலகையைக் காணவில்லை. ஆ, அதோ, மணல் தொட்டிக்குக் குறுக்கே கிடக்கிறது. கப்பலாம். என்னையும் ஏறச் சொல்கிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டுமாம். சரி, வைத்துவிடுகிறேன்.