பவுல் அத்தேனேயில் தோற்றுப்போனாரா? எனக்குக் கோபம் வந்த கதை

வணக்கம் நண்பர்களே. இந்தக் காணொளியில் வழக்கமான நூல் அறிமுகம் இல்லை. எனக்கிருக்கும் எரிச்சலை நாகரிகமாகச் சொல்லி முடிக்க முயல்கிறேன். அண்மையில் ஒரு பிரசங்கம் கேட்டேன். இயேசுவின் நற்செய்தியை அறிவித்த அப்போஸ்தலர் பவுல், கிரேக்கப் பட்டணமான அத்தேனேயில் புறமதப் புலவர்களின் வரிகளைச் சொல்லிப் பிரசங்கித்ததால் தோற்றுப்போனார் என்றும், அதற்காக மனம் வருந்தித்தான் அடுத்து கொரிந்துவில் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தவிர வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்தார் என்றும் அதில் விளக்கினார்கள். ஆகவே பிற சமய நூல்களில் கிறிஸ்தவனுக்கு ஒரு வேலையும் இல்லையாம். பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு, இதைக் கேட்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்பது தெரியும்.

பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிலைகள் நிறைந்த பட்டணத்தைக் கண்டு பவுலின் உள்ளம் கொதிக்கிறது. ஆனாலும் அப்பட்டணத்து மன்றத்தின் இடமான மார்ஸ் மேடையில் எழுந்து நின்றபோது, சுற்றித்திரிந்து அவர்களுடைய ஆராதனைக்குரியவற்றைக் கவனித்துப் பார்த்ததாகச் சொல்லி, ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த பலிபீடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார். 28ஆம் வசனத்தில், ‘உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்’ என்கிறார்.

அந்த வரி அராத்தஸ் என்ற புலவருடையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், நட்சத்திரங்களையும் வானிலைக் குறிகளையும் பற்றி அவர் பாடிய நெடும்பாடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. என் கைக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பிலோ வரி எண்ணே அச்சிடப்படவில்லை. வரி எண் இல்லாமல் ஒரு பாடலைப் பதிப்பிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். சந்ததியைப் பற்றிய பேச்சு நடுப்பகுதியில்தான் வரும் என்று நினைத்து அங்கிருந்து படித்து, மழைக்கு முன் காகம் என்ன செய்யும் என்பதையெல்லாம் கடந்து, கடைசியில் முதல் பக்கத்துக்குத் திரும்பினால், ஐந்தாம் வரியிலேயே அது இருக்கிறது! அந்த மகிழ்ச்சியில் எழுந்து அறைக்குள் நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். அதோடு, அந்தப் புலவர் சிலிசியா நாட்டுச் சோலி பட்டணத்தார். பவுல் அதே சிலிசியாவின் தர்சு பட்டணத்தார். பவுல் சொன்னது தம் சொந்த நாட்டுப் புலவரின் பாட்டு.

அந்த வரி யாரைப் பற்றியது என்பதுதான் முக்கியம். அது கிரேக்கரின் தலைமைத் தெய்வமான சேயுஸின் துதி. அது தெரியாமல் பவுல் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதர் தெய்வத்தின் சந்ததியார் என்பது உண்மை என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வசனத்திலேயே, அப்படியானால் பொன்னுக்கும் வெள்ளிக்கும் கல்லுக்கும் தெய்வம் ஒப்பாயிருக்கும் என்று நினைக்கலாகாது என்று அதே வரியைக் கொண்டே வாதாடுகிறார். உண்மையை ஏற்பதும் சிலைவழிபாட்டை மறுப்பதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தோல்வி என்று சொல்பவர்கள் 34ஆம் வசனத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. தியொனீசியு, தாமரி, இன்னும் சிலர் விசுவாசிகளானார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறதே! அது மட்டுமல்ல, புலவர்களைக் கைவிட்டதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், பவுல் கொரிந்து சபைக்குக் கடிதமாக எழுதிய அதே முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், ‘ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்’ என்ற வரி வருகிறது. அது மெனாந்தர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் பெயரால் வழங்கும் வரி. பிறருடைய நூல்களைத் தொடாதே என்று இளைஞர்களை எச்சரிக்க அந்த வசனத்தையே எடுத்துக்கொள்பவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எதிர்ப்பக்கத்திலும் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. பிறரிடம் ஓர் உண்மையைக் கண்டவுடன், ‘அது எங்களிடமிருந்து போனதுதான்’ என்று உரிமை கொண்டாடுவது. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், யார் சரியாகச் சொல்லியிருந்தாலும் அது கிறிஸ்தவர்களாகிய எங்களுடையது என்று எழுதினார். கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ தம் கருத்துகளை மோசேயிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்றும் வாதிட்டார். எகிப்தியரின் பொன்னை இஸ்ரவேலர் எடுத்துச் சென்றதுபோல் தத்துவ ஞானிகளின் உண்மைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன், அவர்களை நியாயமற்ற உடைமையாளர்கள் என்றே குறித்தார். பிளேட்டோ எகிப்தில் எரேமியா தீர்க்கதரிசியைச் சந்தித்திருக்கலாம் என்றுகூட முதலில் எழுதினார். காலக்கணக்கு ஒத்துவராது என்று பிற்பாடு அவரே திருத்திக்கொண்டதால், அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. பவுல் ‘உங்கள் புலவர்கள்’ என்றார். உரியவர்களிடமே உரிமையை விட்டுவைத்தார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் புறக்கணிப்பதில்லை என்கிறது. அதே பத்தியில், கிறிஸ்துவை அறிவிக்கும் கடமை நிற்காது என்றும் சொல்கிறது. ஒரு தரப்பார் முதல் பாதியையும், மறு தரப்பார் இரண்டாம் பாதியையும் மட்டும் வெட்டிப் பகிர்கிறார்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: பவுலின் பெயரால் வழங்கும், தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், கிரேத்தா தீவாரின் புலவர் ஒருவரை ‘அவர்கள் தீர்க்கதரிசி’ என்றே குறிப்பிட்டு, ‘இந்தச் சாட்சி உண்மையாயிருக்கிறது’ என்ற முத்திரையும் குத்தியிருக்கிறது. ஆனால் அந்த வரி அம்மக்களைப் பொய்யர் என்று பழிக்கும் வரி. அதை இன்று எப்படிப் படிப்பது என்பது பெரிய தலைவலி. அதற்குத் தனிக் காணொளி வேண்டும், அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன்.