நியூட்ரலில் இறங்கும் லாரி

நடுவர் ஐயாவுக்கும், என் அணியினருக்கும், இப்போதுதான் பேசி முடித்துக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போன எதிரணி அக்காவுக்கும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தர்மபுரிச் சபையாருக்கும் வணக்கம்.

'கிருபை வந்த பிறகு கட்டளை தேவையா, தேவையில்லையா?' இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. 'தேவை' என்று பேச வந்திருக்கிறேன். கஷ்டமான பக்கம்தான். கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் இரக்கம், என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். கட்டளை ஹெல்மெட் மாதிரி, போலீஸ் நின்றால்தான் ஞாபகம் வரும்.

அக்கா ரோமர் 6:14-ஐ ராகம் போட்டே வாசித்தார்கள். "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." நியாயப்பிரமாணம் என்றால் மோசே மூலம் வந்த சட்டம். அருமையான வசனம். ஆனால் அத்தோடு வேதத்தை மூடிவிட்டார்களே! அக்கா, அடுத்த வசனத்துக்கு எத்தனை தூரம்? கிருபைக்குக் கீழ்ப்பட்டிருப்பதால் பாவம் செய்யலாமா என்று இதை ரோமருக்கு எழுதிய பவுலே கேட்கிறார். "கூடாதே" என்று அவரே முடித்தும் வைக்கிறார். நம்ம ஆள் இப்படித்தான் யோசிப்பான் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

எங்கள் மாமா லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு விடுகிறவர்களைக் கண்டால் திட்டித் தீர்த்துவிடுவார். முதல் ரெண்டு வளைவு சுகமாக இருக்கும், வண்டி தானாகப் போகும், இன்ஜின் சத்தம்கூட இருக்காது. அப்புறம் பிரேக்கை மிதித்து மிதித்து லைனர் கருகும் நாற்றம் வரும். இரட்டைப் பாலம் வரும்போது பெடல் பொதுக்கென்று கீழே போகும். கியரில் இருக்கிற வண்டியைத்தான் இன்ஜின் பிடித்து நிறுத்தும். எதிரணி சொல்லும் கிருபை எனக்கு அந்த நியூட்ரல் மாதிரிதான் தெரிகிறது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அதுவும் பள்ளத்தில் இறங்கிவிடும், விட்டுவிடுகிறேன்.

கட்டளை என்றாலே அடிமைத்தனம் என்றார் அக்காவுக்கு முன்னால் பேசிய அண்ணன். அண்ணே, பத்துக் கட்டளையை எங்கே வைத்துக் கொடுத்தார்கள்? எகிப்திலா? இல்லை. அங்கே இஸ்ரவேலர் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கொடுக்காமலே அதே கணக்குச் செங்கல் வேண்டும் என்று பார்வோன் அடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் தேவன், 'இந்தப் பத்தையும் ஒழுங்காகச் செய்தால் வெளியே விடுகிறேன்' என்று சொல்லவில்லை. முதலில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சீனாய் மலையடிக்கு அவர்கள் வந்து சேர்ந்தது மூன்றாம் மாதம். அங்கேதான் கட்டளை. அதன் தொடக்கமே, உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நான் என்பதுதான். கிருபை முந்திக்கொண்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடுதலையான கையில்தான் கட்டளையைக் கொடுத்தார்.

அதில் ஓய்வுநாள் கட்டளையைப் பாருங்கள். இங்கே இருக்கிறவர்களில் சிலர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய் வந்தவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. படுத்தால் கூலி இல்லை, கடன் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட ஆளிடம், வாரத்தில் ஒரு நாள் உனக்கு லீவு, உன் வேலைக்காரனுக்கு லீவு, மாட்டுக்கும் கழுதைக்கும்கூட லீவு என்று ஒரு சட்டம் சொன்னால் அது சுமையா? நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள் என்று காரணமும் சொல்கிறது உபாகமம் ஐந்தாம் அதிகாரம். முதலாளிக்கு அது சட்டம். கல் அறுத்தவனுக்கு அதுவே கிருபை.

சரி, விருத்தசேதனம் என்கிற யூதச் சடங்கு, பலி எல்லாம் என்ன ஆயிற்று என்று அடுத்து கேட்பார்கள். போயிற்று. அப்போஸ்தலர் 15-இல் சபைத் தலைவர்கள் எருசலேமில் கூடிப் பேசி, யூதரல்லாத புறஜாதியார்மேல் அந்தப் பாரத்தை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்து கடிதம் அனுப்பினார்கள். அதே கடிதத்தில் வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்றும் எழுதினார்கள். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தரை வேறு துணைக்கு அழைத்தார்கள் எதிரணியினர். விசுவாசம் ஒன்றே போதும் என்று உலகத்தையே உலுக்கிய அந்த மனுஷன் 1529-இல் விசுவாசப் பாடப் புத்தகமான சிறு ஞானோபதேசம் எழுதினாரே, அதில் முதல் பாடம் என்ன? பத்துக் கட்டளை!

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிஷம்.

சகேயு. வரி வசூலிக்கும் ஆயக்காரன், ஊரை உறிஞ்சியவன், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி இருக்கிறான். இயேசு அவனைத் திட்டவில்லை, கணக்குக் கேட்கவில்லை, உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். சுத்தமான கிருபை. அப்புறம் அவன் என்ன சொல்கிறான்? சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இந்த நாலு எங்கிருந்து வந்தது? தானே அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும் என்பது எண்ணாகமம் 5. திருடிய ஆட்டை அடித்தவனோ விற்றவனோதான் ஒன்றுக்கு நாலு கொடுக்க வேண்டும், அது யாத்திராகமம் 22. யாரும் கேட்காமலே பெரிய தண்டத்தைத் தேடித் தன் தலையில் வைத்துக்கொள்கிறான் மனுஷன்!

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி, அந்த நாலு என்கிற கணக்கைச் சகேயுவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். அமர்கிறேன், நன்றி.