வெரிட்டி லாம்பர்ட்டும் அழிக்கப்பட்ட ஒளிநாடாக்களும்

அவைத்தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த அரங்கை நமக்குத் தந்த கல்லூரி முதல்வர் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்துத் தந்த தம்பிகளே, தாய்மார்களே, பெரியோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். நூலக அலுவலர் இசைவு தராதிருந்தால் இந்தத் தொடர் கூட்டங்களே நடந்திருக்காது. அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவர் வாய்ப்பைப் பிடித்த விதம், நிறுவனங்களை நடத்திய விதம், அவர் தயாரித்தவை அழிந்த விதம். மூன்றுக்கும் பொதுவாக நம் பாட்டிமார் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

1958 நவம்பர் 30, ஞாயிறு இரவு. மான்செஸ்டரில் ஏபிசி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனத்தின் டிட்ஸ்பரி ஸ்டூடியோ. 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் ஒரு நாடகம் நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அணுகுண்டு விழுந்தபின் லண்டன் சுரங்க ரயில் பாதையில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. மேலே கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் டெட் கோட்செஃப். அவர் பக்கத்தில் தயாரிப்பு உதவியாளர் வெரிட்டி. 23 வயது நிறைந்து மூன்றே நாள். பிரதியைப் பிடித்துக்கொண்டு ஷாட் எண்களைக் கூவுவதும், ஸ்டாப் வாட்சைப் பார்த்து நொடிகளைச் சொல்வதும் உதவியாளர் வேலை. பாதி நாடகத்தில், இரண்டு காட்சிகளுக்கு நடுவே, கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர் சரிந்து விழுந்து இறந்துபோகிறார். வயது 33. அவருக்கு இன்னும் காட்சிகள் பாக்கி! நிறுத்தவும் முடியாது, நாட்டின் வீடுகளில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்செஃப் தளத்துக்கு இறங்கி ஓடினார்; செத்தவரின் வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், யார் எங்கே நிற்பது என்று மாற்றினார். சரி, இயக்குநர் கீழே போய்விட்டால் மேலே எந்தக் கேமராவுக்கு எப்போது மாறுவது என்று சொல்வது யார்? அந்த நாற்காலியை வெரிட்டி ஏற்றார். வசனம் மாறிவிட்டதால் பிரதியிலிருந்த ஷாட் எண்கள் உதவாது. யார் வாய் திறக்கிறாரோ அவரை நோக்கி அந்த நொடியே கேமராவைத் திருப்பச் சொல்ல வேண்டும். நாடகம் முடிவுவரை ஒளிபரப்பானது.

ஏபிசியில் அப்போது நாடகத் துறைத் தலைவராக இருந்த சிட்னி நியூமன் பின்னர் பிபிசிக்குப் போனார். 1963இல் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடருக்குத் தயாரிப்பாளர் தேடியபோது வெரிட்டியை அழைத்தார். வயது 27, பிபிசி நாடகத் துறையில் அன்று அவர் ஒருவரே பெண் தயாரிப்பாளர். முதல் பகுதியை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். ஒரு பகுதிக்குச் சுமார் 2,300 பவுண்டு. நான்கு நாள் ஒத்திகை, வெள்ளிக்கிழமை இரவு லைம் குரோவ் ஸ்டூடியோவில் பதிவு. இரண்டு அங்குல நாடாவை பிளேடால் வெட்டித்தான் ஒட்ட முடியும், வெட்டிய நாடாவின் மதிப்பு குறையும் என்பதால், தவறு நடந்தாலும் நிறுத்தாமல் ஓட்டுவார்கள். முதல் பதிவில் விண்கலத்தின் கதவு மூடவே மறுத்தது. நியூமன் முழுவதையும் மறுபடி எடுக்கச் சொன்னார். நவம்பர் 23 அன்று, கென்னடி கொலையுண்ட மறுநாள், அது ஒளிபரப்பானது. பூச்சிக்கண் அரக்கர்கள் வேண்டாம் என்பது நியூமன் கட்டளை. உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கோள் உயிரினங்களான டேலக்குகளின் கதை வந்தபோது மேலதிகாரி டொனால்ட் வில்சனும் அதை எதிர்த்தார். கையில் வேறு கதை தயாராக இல்லை, வெரிட்டி விடவில்லை. தொடர் நிலைத்தது டேலக்குகளால்தான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார்!

இரண்டாம் செய்தி. 1974இல் தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்தில் நாடகத் துறைத் தலைவர். பிறகு அதன் துணை நிறுவனமான யூஸ்டன் ஃபிலிம்ஸின் தலைமை. செட் போடாமல் லண்டன் தெருக்களிலேயே 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுப்பது அங்கே வழக்கம். 'மைண்டர்' தொடர் அப்படி வந்தது. 1985இல் சொந்தமாக சினிமா வெரிட்டி என்ற நிறுவனம். சறுக்கலும் உண்டு: 1992இல் ஸ்பெயினில் ஊரையே கட்டி எடுத்த 'எல்டராடோ' தொடர் ஓராண்டில் நின்றது. ஆயத்தத்துக்குப் போதிய காலமில்லை, கட்டடங்களில் குரல் எதிரொலித்தது, அனுபவமற்ற நடிகர்கள். பிறகும் 'ஜொனதன் கிரீக்' தொடரைத் தந்தார். 2007 நவம்பர் 22 அன்று மறைந்தார்.

மூன்றாம் செய்தி அவசரமானது. வெரிட்டி தயாரித்து, பெரும்பகுதி வாரிஸ் ஹுசேன் இயக்கிய 'மார்க்கோ போலோ' என்ற 'டாக்டர் ஹூ' கதை, 1964இல் ஏழு வாரம் ஓடியது. இன்று அதில் ஒரு பகுதிகூட இல்லை! பிபிசியே அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், அழித்து மறுபடி பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தத்தால் மறுஒளிபரப்புக்கும் வரம்பு. வண்ணம் வந்ததும் கறுப்பு வெள்ளையை வாங்க ஆளில்லை. காப்பது யார் பொறுப்பு என்றும் யாரும் வகுக்கவில்லை. 1978 வாக்கில்தான் அந்த அழிப்பு நின்றது. ஒலி மட்டும் மிஞ்சியது, வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்த ரசிகர்களால். அவர்கள் காற்றுள்ளபோது தூற்றிக்கொண்டவர்கள்.

பெருமக்களே, சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. அதன் பழைய நிகழ்ச்சிகளை வீட்டில் விஎச்எஸ் கேசட்டில் பதிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பரணிலிருந்து எடுங்கள். முதுகுப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அதன்மேல் யாரும் பதிய முடியாது. நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டாதீர்கள், பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல கேசட்டை ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றி, நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கணினியில் ஏற்றும்போது யூடியூப் அளவுக்குச் சுருக்காதீர்கள். டி.வி. (DV) என்ற டிஜிட்டல் கோப்பு வடிவில் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும், ஆகட்டும். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். கல்யாணக் கேசட் என்று எழுதியிருந்தாலும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கல்யாணப் பதிவு முடிந்தபின் பழைய நிகழ்ச்சியின் மிச்சம் கிடக்கலாம். எந்தக் கேசட், எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்று ஒரு தாளில் எழுதி, வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் சேர்த்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.