காலியான கிளீனர் இருக்கை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஓட்டுநருக்கு உதவியாளாகப் போகும் கிளீனராக முதன்முதலாக லாரியில் ஏறியபோது என் கைக்கு வந்தது ஒரு வாளியும் பழைய துணியும்தான். கண்ணாடி துடைப்பது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி வீல் ஸ்பேனரால் டயரைத் தட்டிப் பார்ப்பது, இவைதான் வேலை. காற்று நிறைந்த டயர் கணீரென்று ஒலிக்கும். காற்று இறங்கியது மொத்தென்று ஒலிக்கும். பின்பக்கம் இரட்டை டயரில் உள்டயர் இறங்கிப்போனால் கண்ணுக்குத் தெரியாது, காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது எனக்கு வாய்க்க ஆறு மாதம் ஆனது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் என் வயதுடைய லாரி ஓட்டுநர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொழிலுக்குள் வந்தோம். ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருந்த கிளீனர் இருக்கைதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம்.

பல ஆண்டுகள் லாரி ஓட்டிவிட்டு, பிறகு கனரக வாகனப் பயிற்சியாளராக இருந்தவன் நான். அந்த இருக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானதை என் கண்ணால் பார்த்தேன். கிளீனருக்குச் சம்பளமும் படியும் கொடுக்க லாரி உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறு வேலை கிடைக்கும்போது பிள்ளைகளும் இதற்கு வருவதில்லை. தேசிய பெர்மிட் லாரியில், அதாவது பல மாநிலங்களுக்கு ஓட அனுமதி பெற்ற லாரியில், இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் தளர்த்தப்பட்டது. இன்று நெடுஞ்சாலையில் பார்க்கும் எத்தனையோ லாரிகளில் ஓட்டுநர் தனியாகத்தான் போகிறார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ள ஆள் இல்லை.

அப்படியென்றால் புதிதாக வருகிறவன் எங்கே கற்கிறான்? லாரி ஓட்டும் உரிமத்துக்கு, சட்டப்படி இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனத்துக்கான பயிற்சி முப்பது நாளுக்குக் குறையக் கூடாது. அதில் வண்டி ஓட்டும் நேரம் பதினைந்து மணியாவது இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை 2019இல் எடுத்துவிட்டார்கள். அதை நான் மனதார வரவேற்கிறேன். படிக்க வாய்ப்பில்லாமல் போன எத்தனையோ நல்ல ஓட்டுநர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஆனால் கதவை அகலமாகத் திறந்தால் உள்ளே வருகிறவனுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் கூடத்தான் செய்யும். பதினைந்து மணி நேரம் என்பது எங்கள் காலத்தில் கிளீனராக ஒரே ஒரு நாள் போன ஓட்டம்.

தேர்வு அதையும்விட மெலிந்தது. நான் மாணவர்களை அழைத்துப் போன இடங்களில் தேர்வு சமதளத்தில் நடந்தது, வண்டியில் லோடு இல்லை. கொஞ்ச தூரம் முன்னே போய், பின்னே வந்து, சிக்னல் காட்டினால் முடிந்தது. வெறும் வண்டியின் பிரேக்கும் பதினாறு டன் ஏற்றிய வண்டியின் பிரேக்கும் ஒன்றாக நடந்துகொள்வதில்லை.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். விபத்துச் செய்தி வந்தபடியே இருக்கும் இறக்கம் அது. டீசல் மிச்சமாகும் என்று சிலர் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். கியரில் இருக்கும்வரை என்ஜினே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டவுடன் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். திரும்பத் திரும்ப மிதிக்க மிதிக்க சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறும், அதை அழுத்திப் பிடிக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது, ஒவ்வொரு மிதிக்கும் அதற்கான டேங்கிலுள்ள காற்று கொஞ்சம் செலவாகும். என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால், அதனால் இயங்கும் கம்பிரசரும் அந்தக் காற்றை வேகமாக நிரப்பாது. பாதி இறக்கத்தில் இது புரிந்தால் என்ன செய்ய முடியும்? அந்த வேகத்தில் கியர் மறுபடி விழாது. "ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு, தம்பி" என்று என் ஓட்டுநர் அண்ணன் சொன்னதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த இறக்கத்திலேயேதான், அவர் காலின் அசைவைப் பார்த்தபடி. இன்று உரிமம் பெற்ற இளைஞன் இதைச் சொல்ல ஆளில்லாமல் முதல் தடவையாக அங்கே போய் நிற்கிறான்.

2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு விதி வந்திருக்கிறது. கனரகத்துக்கு ஆறு வாரத்தில் முப்பத்தெட்டு மணி நேரம், சிமுலேட்டர், தனி ஓடுதளம். நல்ல முன்னேற்றம் இது. ஒரு வருத்தம் மட்டும் உண்டு. அங்கே தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கிறது. கற்றுக்கொடுத்த இடமே தேறியதாகச் சான்றும் தருகிறது. எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் தன் மாணவனைத் தானே அளப்பது கடினம். எனக்கும் கடினமாகத்தான் இருந்தது. அளப்பவர் வேறொருவராக, முடிந்தால் தொழிலிலேயே பழுத்த ஓட்டுநராக இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் சிறிய சரக்கு வண்டிகள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத வண்டியை இலகுரக உரிமத்தோடே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. பிழைப்புக்கு வழி தேடும் பலருக்கு அது பேருதவி. அவர்களுக்கு லோடு கட்டவும் இறக்கத்தில் இறங்கவும் சொல்லித்தர ஒரு வாரப் பயிற்சியாவது நடத்தலாமே.

நான் என் மாணவர்களுக்கு வைத்த தேர்வைச் சொல்கிறேன். அவர்கள் வருவதற்கு முன் வண்டியில் சில குறைகளை நானே உண்டாக்கி வைப்பேன். பின் உள்டயரில் காற்றைக் குறைப்பேன், ஒரு வீல் நட்டைத் தளர்த்துவேன், தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவேன். சாவியைக் கொடுத்து "எடுத்துக்கொண்டு வா" என்பேன், அவ்வளவுதான். நேராகக் கதவைத் திறந்து ஏறியவனுக்கு அன்றைக்கு ஓட்டம் கிடையாது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தவன் ஓட்டலாம். ஒருமுறை ஒரு பையன் ஸ்பேனரை எடுத்துத் தட்டிக்கொண்டே பின்பக்கம் போனான், நின்றான், இன்னொரு தடவை தட்டினான். "மாஸ்டர், இது ஒலிக்கவில்லை" என்றான்.

நன்றி, வணக்கம்.