நிலத்தை அடுக்கடுக்காக வரைந்தவர்: பேர் கிர்கெபி

நேயர்களுக்கு வணக்கம். டென்மார்க் ஓவியர் பேர் கிர்கெபியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஓவிய விமர்சகன் இல்லை, கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன். கிர்கெபியும் முறையாக நிலவியல் படித்தவர்தான். அவருடைய படங்களுக்குள் போக அதுவே நல்ல வாசல் என்று நம்புகிறேன்.

1938இல் கோபன்ஹேகனில் பிறந்தார். 1957இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1964இல் நிலவியல் படிப்பை முடித்தார். துருவப் பகுதி நிலவியல்தான் அவருக்குப் பிடித்த துறை. டென்மார்க்கில் இந்தப் படிப்பு படிப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பார்ன்ஹோம் தீவை விட்டால், மிகப் பழைய கெட்டிப் பாறையை அங்கே தரைக்கு மேல் பார்க்க முடியாது. பனியூழியில் பனியாறுகள் இழுத்துவந்து கொட்டிய களிமண்ணும் மணலும் கூழாங்கல்லுமே நாட்டின் பெரும்பகுதி. மிக உயரமான இடமே 171 மீட்டர்தான். அதனால் பாறையைத் தேடுகிறவர்கள் கிரீன்லாந்துக்குப் போவார்கள். மாணவராக இருந்தபோதே கிர்கெபி அந்த ஆய்வுப் பயணங்களில் பலமுறை போனார்.

அங்கே மரம் கிடையாது. மலை தன் அடுக்குகளை அப்படியே திறந்து வைத்திருக்கும். கள ஆய்வுக்குப் போகிறவருக்கு வரைவது பொழுதுபோக்கு இல்லை, அதுவே வேலை. ஒரு பாறைமுகத்தின் எதிரே உட்கார்ந்து குறிப்பேட்டில் வரையும்போதுதான் எந்த அடுக்கு முந்தியது, எது பிற்பாடு அதை வெட்டிக்கொண்டு நுழைந்தது என்பது பிடிபடும். புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிந்துவிடும். வரைகிற கையோ ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கிர்கெபியின் கை அங்கேதான் பழகியது.

படிப்பு முடியும் முன்பே, 1962இல், கோபன்ஹேகனில் இருந்த ‘சோதனைக் கலைப் பள்ளி’யில் சேர்ந்துவிட்டார். ஓவியர் பவுல் கேர்னஸும் கலை வரலாற்றாளர் ட்ரோல்ஸ் ஆண்டர்சனும் தொடங்கிய பள்ளி அது. அங்கே எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள்: அச்சு, படம் எடுப்பது, நிகழ்த்துகலை, கவிதை. கிர்கெபி மேசனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகையை 122 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி அதன்மேல் வரையத் தொடங்கினார். அந்த அளவைப் பல பத்தாண்டுகள் அவர் விடவில்லை. சில பலகைகளுக்குக் கறுப்பு பூசி, கரும்பலகைபோல் வண்ணச் சுண்ணக்கட்டியால் மரம், கல், குகை என்று வரைந்தார். பெரிய துணித்திரைகளில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவைதான் அவரை உலகம் அறியச் செய்தன. 1976இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் டென்மார்க்கின் சார்பில் கலந்துகொண்டார். அப்புறம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூயேயிலும் ஃபிராங்க்பர்ட்டிலும் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார்.

சரி, அந்தப் படங்கள் எப்படி இருக்கும்? டென்மார்க்கின் 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் நிலக்காட்சிகளில் தெளிந்த வானமும் தாழ்ந்த தொடுவானமும் இருக்கும், நாம் ஒரு மேட்டில் நின்று பார்ப்பதுபோல. கிர்கெபியிடம் பெரும்பாலும் தொடுவானமே இல்லை. பழுப்பு, காவி, பாசிப்பச்சை, சாம்பல், அவற்றின் நடுவே சட்டென்று ஒரு மஞ்சள். ஒரு கறுப்புக் கோடு அடிமரம் போலத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதே கோடு பாறையின் வெடிப்பு. கிணறு வெட்டும்போது பக்கச் சுவரில் செம்மண், சரளை, களி என்று தெரியுமே, அதற்கு எதிரே நிற்பது போன்ற அனுபவம் அது. வரைந்ததன் மேலேயே வரைவார், சுரண்டுவார், கழுவுவார், மறுபடி பூசுவார். அடியில் இருந்தது ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். படிவதும் அரிக்கப்படுவதுமாக நிலம் எப்படி உருவாகிறதோ, அந்த வரிசையிலேயே படமும் உருவாகிறது. இவற்றை அரூப ஓவியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். நிலத்துக்கு இவ்வளவு நெருக்கமாகப் போன ஓவியர்கள் குறைவு. காட்டெகாட் கடலில் உள்ள லேசோ தீவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. தாழ்வான மணல் தீவு. அங்கும் அவர் வரைந்தார்.

ஓவியத்தோடு செங்கல் சிற்பங்களும் செய்தார். அவர் வளர்ந்த வீட்டுக்கு அருகில் குருண்ட்விக் தேவாலயம் இருந்தது. முழுக்க மஞ்சள் செங்கல்லால் எழுப்பிய பிரம்மாண்டமான கட்டடம் அது. 1971இல் மத்திய அமெரிக்கா போய் பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்த்தார். 1973இல் இகாஸ்ட் என்ற ஊரில் முதல் செங்கல் சிற்பத்தைக் கட்டினார். வீடு போலத் தோன்றும், ஆனால் யாரும் குடியிருக்க முடியாது.

இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியரின் 1996ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் அத்தியாயங்களுக்கு முன்னால் வரும் நிலக்காட்சிகள் கிர்கெபி உருவாக்கியவை. அசையாத படம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம், மெல்ல மெல்ல ஒளி மாறிக்கொண்டே போகும்.

2013இல் மாடிப்படியில் விழுந்து அவருக்கு மூளையில் அடிபட்டது. கண் பார்த்ததை மூளையால் முன்போல் அடையாளம் காண முடியவில்லை. தன் ஓவியங்களே அவருக்கு அந்நியமாகிவிட்டன. வாழ்நாள் முழுவதும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு இது நேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்த நாட்களை ஆன் விவெல் என்ற இயக்குநர் ஆவணப்படமாக எடுத்தார், 2015இல் அது வெளிவந்தது. கிர்கெபி 2018 மே மாதம், 79 வயதில் காலமானார்.

கோபன்ஹேகன் போகிறவர்கள் அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்திலும், நகருக்கு வடக்கே உள்ள லூசியானா அருங்காட்சியகத்திலும் அவருடைய படைப்புகளைத் தேடலாம். கைபேசியில் பார்ப்பவர்கள் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஏதாவது ஒரு மூலையைப் பெரிதாக்கி, எந்த வண்ணம் எதன்மேல் கிடக்கிறது, எது முதலில் பூசியது என்று மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.